காதுக்குப் பின்னால் ஊட்டி

ஒரு வருஷ காலம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தி ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை. அவை தாமாகவே எனக்கு ஞாபகம் வந்தன.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். திடீரென்று அடிவயிறு கலங்கும். ஐயையோ, நாளைக்குப் பச்சை நிற நாள் ஆச்சே, பச்சைச் சட்டை துவைக்கவே இல்லையே! அதே நொடியில் குளியலறையிலிருந்து என் கணவர் குருபரன், "மங்கை, நாளைக்குப் பச்சை!" என்று சோப்பு நுரையோடு கத்துவார். காந்திபுரம் சிக்னலில் வண்டி நிற்கும்போது நானே பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு ஸ்கூட்டர், பக்கத்தில் ஒரு கார், எல்லாரும் ஒரே நேரத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். அத்தனை பேரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே உங்களுக்கும் அதைப் பற்றி நல்லதாக ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

அதற்கு முன்னால் எல்லாப் பள்ளிகளையும் போல எங்களுக்கும் ஃபோனில் ஒரு பெற்றோர் குழு இருந்தது. 'அன்பான பெற்றோர்களே' என்று பள்ளி ஒரு அறிவிப்பைப் போடும். அதற்குக் கீழே நாற்பது பேர் கைகூப்புவார்கள். ஒருவர் ரோஜாப்பூ அனுப்புவார். ஒருவர் யாருடைய தண்ணீர் பாட்டிலையோ தேடுவார். கடைசியில் அறிவிப்பு என்ன என்பது யாருக்கும் தெரியாது. மாறுவேடப் போட்டிக்கு யூனிஃபார்மில் போய் நின்ற குழந்தைகள்தான் அதிகம். என் மகள் நறுமுகையும் நின்றாள். வீட்டில் அவள் பாப்பு. "என்ன வேஷம்மா?" என்று நடுவர் கேட்டதற்கு, "மறந்து போன அம்மாவோட பொண்ணு" என்று சொல்லி ஆறுதல் பரிசு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் தலைமை ஆசிரியை சந்திரமதி மேடம் எங்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்தார். கூடவே கழுத்தில் டை, கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு கம்பெனிக்காரர் ஒருவர்.

"நினைவூட்டல், நினைவூட்டல்னு சொல்றோம்" என்றார் மேடம். "என்ன அர்த்தம்? நினைவை ஊட்டறது. இத்தனை நாள் தட்டுல வெச்சுக் குடுத்தோம், நீங்க சாப்பிடலை. இனிமே ஊட்டியே விட்டுடறோம்."

அந்த மனிதர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொட்டு அட்டை மாதிரி வரிசை வரிசையாகத் தோல் நிறத்தில் வட்ட வில்லைகள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதுமாம். பள்ளிக்கூடம் அனுப்புவது செய்தியாக வராது, ஞாபகமாக வரும்.

"ஞாபகம் வர்றது சரிங்க, எனக்கு எதுக்கு வயிறு கலங்குது?" என்று ஒட்டிப் பார்த்த ஒரு அம்மா கேட்டார்.

"கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் கலந்துதான் அனுப்பறமுங்க. அது இல்லாம அனுப்பிப் பாத்தோம். யாரும் அசையலை" என்றார் அவர், ரசத்தில் உப்பு எவ்வளவு என்று சொல்வதைப் போல.

வில்லைக்குக் கம்பெனி ஏதோ வாயில் நுழையாத பேர் வைத்திருந்தது. நாங்கள் அதை 'ஊட்டி' ஆக்கிவிட்டோம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஊட்டி என்றால் ஒரு தனிப் பாசம். "ஊட்டி போட்டுட்டீங்களா?" "எங்கூட்டுக்காரர் குளிக்கறப்ப ஊட்டியைக் கழட்டிடறாருங்க, அதான் ஃபீஸ் கட்ட மறந்துட்டாரு." இப்படித்தான் எங்கள் பேச்சு போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், சொர்க்கமாக இருந்தது. தடுப்பூசி நாள், நகம் வெட்டும் நாள், காய்கறி நாள், எதுவும் தவறவில்லை. எங்கள் நாலாம் வகுப்புப் பெற்றோர் அளவுக்கு ஒழுக்கமான ஜனங்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று மேடம் பாராட்டினார். பாராட்டினதாக ஞாபகம்.

ஆண்டு விழா வந்தது.

பாப்பு சூரியகாந்தி. இருபது குழந்தைகள் சூரியகாந்தி, அட்டையில் செய்த சூரியனைத் தூக்கிக்கொண்டு ஒரு குழந்தை. சூரியன் போகிற பக்கம் பூவெல்லாம் திரும்ப வேண்டும். அதுதான் நடனம். ஒரு மாதமாக வீட்டில் நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தால் போதும், பாப்பு என்னையே சூரியனாக வைத்துத் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருப்பாள். "நீ முன்னாடி உக்காரணும்மா. நான் உன்னைத்தான் பாத்து ஆடுவேன்" என்று தினமும் சொல்லுவாள்.

விழா ஒரு சனிக்கிழமை. ஞாயிறு காலையில் அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நேத்து என்ன அழகா ஆடினே கண்ணு! ரெட்டை ஜடை போட்டு, நுனியில கனகாம்பரம் வெச்சு, எல்லாரும் ஒரே மாதிரி திரும்பினீங்க பாரு, ஒரு தப்புகூட இல்லை. முன் வரிசையில உக்காந்து நான் அழுதே போட்டேன்."

பாப்பு தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதே இல்லை.

"நேத்து ஸ்கூல் லீவும்மா."

"என்ன சொல்றே?"

"விழாவே நடக்கலை. நான் கார்ட்டூன் பாத்துட்டு இருந்தேன். நீ துணி மடிச்சுட்டே தூங்கிப்போனே. அப்பா ஈரோட்டுல இருந்து ராத்திரிதான் வந்தாரு."

துணி மடித்த ஞாபகம் எனக்கும் இருந்தது. ஆனால் துணி என்ன வருஷத்துக்கு ஒரு நாளா மடிக்கிறோம்? அது எந்தச் சனிக்கிழமை என்று யார் கண்டது? விழாவோ கண் கூசும் வெளிச்சத்தில், பாட்டும் கைத்தட்டலுமாகத் தெளிவாக இருந்தது. என் கணவரைக் கூப்பிட்டு, நேற்று விழாவுக்கு வந்தீர்களா என்று கேட்டேன். பம்புசெட்டு மோட்டார் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி அவர். மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றுகிறவர். பாப்புவின் பள்ளி விழா எதற்கும் அதுவரை வந்ததே கிடையாது.

"ஏன் வராம? என்ற பக்கத்துலதானே நீ உக்காந்திருந்தே!" என்றார். "கடைசியில கும்பிடறப்ப என்னையப் பாத்துச் சிரிச்சா மங்கை. மனசு அப்படியே உருகிப் போச்சு."

இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம். ஒரு பிஞ்சு மட்டும் இல்லையென்கிறது. நான் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? காப்பீட்டு அலுவலகத்தில், வண்டி மோதியது, கை உடைந்தது என்று வருகிற பொய்களைப் பிரித்து எடுக்கிற வேலை. பொய்யென்றால் எனக்கு மூக்கிலேயே தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம். "பொய் சொன்னா வாயிலயே போடுவேன்" என்றேன் என் மகளிடம். அவள் அழவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த நாள் மேடம் எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று அனுப்பினார்; அது எங்கேயோ யாரோ டாக்டர் சொல்லக் கேட்டதாக எனக்கு ஞாபகம் வந்தது. இந்த வயதுப் பிள்ளைகள் நடந்ததை நடக்கவில்லை என்பார்கள், கற்பனை வளம் அதிகம், கண்டிப்பும் கனிவும் வேண்டும். பள்ளியிலும் கண்டித்தார்களாம். விழா நடக்கவில்லை என்று சொன்ன பிள்ளைகளை விளையாட்டுப் பீரியடில் உட்கார வைத்து, "நான் நன்றாக ஆடினேன்" என்று சேர்ந்து சொல்லச் சொன்னார்களாம்.

இரண்டு நாளில் பாப்பு மாறிப்போனாள். ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து என் புடவையை இழுத்தாள்.

"அம்மா, நான் சாப்டனா?"

"இப்பத்தானே சாப்பிட்டே!"

"சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து, "நான் பல்லு வெளக்குனனாம்மா?" என்றாள். குறும்பு செய்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். குறும்பு இல்லை. நான் ஆமென்றால் ஆம், இல்லையென்றால் திரும்பப் போய்த் துலக்கத் தயாராகப் பிரஷ்ஷைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வயிறு கலங்கியது. இந்தக் கலக்கம் பள்ளிக்கூடத்து ஊட்டியிலிருந்து வந்ததில்லை, என் சொந்தக் கலக்கம்.

அன்றைக்கு அவளை நானே குளிப்பாட்டினேன். தொப்பியைக் கழற்றித் தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். அறுத்த வயல் மாதிரி உள்ளங்கையில் குத்தியது.

மொட்டை!

பாப்புவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது, "முருகா, குணமானா மொட்டை" என்று வேண்டிக்கொண்டவர் என் கணவர். யாருக்கு மொட்டை என்று முருகனிடம் தெளிவாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. பழனியில் இறங்கினதும் தன் தலையை ஒரு தரம் பாசமாகத் தடவிப் பார்த்துக்கொண்டு மகளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அது நடந்தது விழாவுக்கு முந்தின வாரம். சந்தனம் பூசிய தலையோடு பள்ளிக்குப் போகக் கூச்சப்பட்டுத்தான் தொப்பி. அப்படியிருக்க, சனிக்கிழமை மேடையில் ரெட்டை ஜடை எங்கிருந்து வந்தது? கனகாம்பரத்தை எதில் சொருகினார்கள், காதிலா?

வருஷ ஆரம்பத்தில் பள்ளிக்குக் கொடுத்த ஃபோட்டோவில்தான் ரெட்டை ஜடை. அந்தப் படத்தை வைத்து விழாவைச் சமைத்திருக்கிறார்கள்.

கண்ணெதிரே மொட்டைத் தலை, மண்டைக்குள் ரெட்டை ஜடை. நாலு நாள் இரண்டையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஊரான் பொய்யைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேனாம்! ஈரக் கையோடு காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பிளாஸ்திரி உரிப்பது போல உரித்தேன். கூடவே நாலு முடியும் வந்தது. வலித்தது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ சொன்னதுதான் நெசம் கண்ணு. விழா நடக்கலை."

"நெசமாவா?" என்றாள் பாப்பு. சோப்புத் தலையோடு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், உட்கார முன் வரிசை எதுவும் இல்லாமலே.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு போய் மேடத்தின் அறையில் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். மேடம் மொட்டைத் தலையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார்.

"அடடா. மொட்டை போட்டதை நீங்க தெரிவிக்கலையே."

"தெரிவிச்சிருந்தா?"

"மொட்டையோட ஆட வெச்சிருப்போம்."

ஒளிவு மறைவே இல்லை.

"அப்ப விழா நடக்கவே இல்லைன்னு ஒத்துக்கறீங்களா?"

"போன வருஷ விழாவுக்கு வந்தீங்களா நீங்க?" என்று திருப்பிக் கேட்டார். "பந்தல் போட்டு, மைக் செட் வெச்சு, புள்ளைகளை வெயில்ல நிறுத்தினோம். பாதி நாற்காலி காலி. வந்த பாதிப் பேரும் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுட்டுப் பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைச்சாங்க. தன் புள்ளை இறங்கினதும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இந்த வருஷம் பாருங்க. அத்தனை பேரும் வந்திருக்காங்க. அத்தனை பேருக்கும் முன் வரிசை. எந்தக் குழந்தையும் ஸ்டெப் மறக்கலை. ஒரு புகார் உண்டா? உங்களதுதான் முதல் புகார்."

அந்த அம்மாள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். போன வருஷம் எனக்கு ஆடிட் இருந்தது, நான் போகவில்லை.

"ஆடினவங்க யாரு மேடம்? இந்தப் புள்ளைக ஒரு மாசம் பழகுச்சே!"

"பழகறதுதானே கல்வி" என்றார். பிறகு குரலைத் தணித்து, அனுதாபமாக, "குழந்தைகளுக்குத்தான் கொஞ்சம் குழப்பம். அதுக்கும் வழி இருக்கு. திங்கட்கிழமை புள்ளைகளுக்கும் குட்டி ஊட்டி ஒட்டப் போறோம். கார்ட்டூன் படம் போட்டது. அப்புறம் வீட்டுல ஒரு சண்டையும் வராது."

"என்ற புள்ளைக்கு ஒட்டக் கூடாது. நான் சம்மதிக்க மாட்டேன்."

"பெத்தவங்கள்ல ஒருத்தர் சம்மதம் போதும். உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரே."

எழுந்தேன். எழும்போதுதான் மேடத்தின் காதைக் கவனித்தேன். கொண்டை போட்டு இழுத்துச் சீவிய தலை, கல் வைத்த தோடு. பின்னால் ஒன்றுமே இல்லை.

"நீங்க ஊட்டி ஒட்டிக்கலையா?"

"எனக்கு இயல்பாவே ஞாபகசக்தி ஜாஸ்தி" என்றார். "உங்க புகாரைப் பதிஞ்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறோம்."

சரிதான் பண்ணினார்கள். சாயங்காலம் படியேறும்போதே பாப்புவோடு படிக்கிற மேல் வீட்டுப் பையன் அதிரனின் அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "நறுமுகை மொட்டைத் தலையோட அன்னைக்கு ஆடினா பாருங்க, அக்கா, அய்யோ, அத்தனை பூவுலயும் அவதான் அழகு!" உள்ளே போனால் என் கணவர். "மங்கை, எத்தனை புள்ளைக ரெட்டை ஜடை போட்டுட்டு வந்திருந்தாலும், என்ற தங்கம் மொட்டையோட ஏறி நின்னா பாரு!"

"காலையில வரைக்கும் ஜடைன்னு சொன்னீங்க."

"ஜடையா? பழனிக்குக் கூட்டிட்டுப் போனதே நான். எனக்குத் தெரியாதா?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோட்டோ, மேடம், திருத்தம். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கழட்டுங்க" என்று கையை நீட்டினேன்.

காதைப் பொத்திக்கொண்டார்.

"இருக்கட்டும் விடு மங்கை. நான் எதுக்குமே போனதில்லை. அவ நடக்க ஆரம்பிச்சப்ப ஓசூர்ல இருந்தேன். அவ முதல் நாள் ஸ்கூல் போனப்ப சேலத்துல. இது ஒண்ணுலதான் நான் நல்ல அப்பனா உக்காந்திருக்கேன். அதையும் பிடுங்கணுமா?"

எனக்கு அவர் மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டேன். "புள்ளை பல்லு வெளக்குனனான்னு கேட்டுட்டு நிக்குது. உங்களுக்கு நல்ல அப்பன் வேஷம் கேக்குது! குட்டி ஊட்டி ஒட்டச் சம்மதம் குடுத்தீங்களா?"

யோசித்தார். "குடுத்ததா ஞாபகம்."

"எப்ப? எங்க? யாருகிட்ட?"

அவர் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"சரி. அதை வாபஸ் வாங்கிட்டதாவும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்றேன். வெள்ளிக்கிழமையே போய் டி.சி. வாங்கினேன். பாப்புவை எங்கள் தெருக்கோடி அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தேன். பாப்பு கெஞ்சினாளே என்று அவரும் அரை மனதாக ஊட்டியைக் கழற்றிவிட்டேன் என்றார். கழற்றுவதை நான் பார்க்கவில்லை.

புதுப் பள்ளியில் நினைவூட்டல் எப்படி வரும் தெரியுமா? பாப்புவின் உள்ளங்கையில் பேனாவால். 'நாளை முட்டை இல்லை.' 'புதன் – பெற்றோர் கூட்டம்.' தலைமை ஆசிரியர் பூபதி சார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு கையிலும் எழுதி அனுப்புவார். தயிர் சாதம் சாப்பிட்டால் பாதி அழிந்துபோகும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நானும் பாப்புவும் விடுகதை போல யோசிப்போம். இரண்டு கூட்டத்துக்குப் போக மறந்தேன். என் மறதி என்னுடையதாக இருந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

பாப்பு மட்டும் முழுதாகத் தேறவில்லை. அவ்வப்போது, "நான் வீட்டுப்பாடம் எழுதுனனாம்மா?" என்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பாள். நான் நோட்டைத் திறந்து, "நீயே பாரு" என்பேன்.

அங்கேயும் ஆண்டு விழா வந்தது. சூரியகாந்தி ஆட்டத்தை ஆடட்டுமா என்று அவளே போய்க் கேட்டாளாம். சார் சரியென்று இன்னும் எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார். அன்றைக்கு என் கணவரும் வந்தார், நிஜமாகவே. வேர்த்து வழிந்தது. மைக் கீச்சிட்டது. எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரின் தலைப்பாகையை மீறி எட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கிராப்பு அளவுக்கு முடி வளர்ந்த தலையில் மஞ்சள் காகிதப் பூவிதழ் கட்டிக்கொண்டு பாப்பு வந்தாள். நடுவில் சூரியன் வலது பக்கம் போக, மற்ற ஏழு பூவும் அந்தப் பக்கம் திரும்ப, பாப்பு மட்டும் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டு என் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்துப் பூ முழங்கையால் இடித்த பிறகுதான் திரும்பினாள்.

"போன தடவை இன்னும் நல்லா ஆடினா, இல்ல?" என்றார் என் கணவர் மெதுவாக.

நடக்காத அந்தப் போன தடவையை நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லையைத்தான் உரிக்க முடிந்தது. ரெட்டை ஜடையும் கனகாம்பரமும் இன்னும் என் மண்டைக்குள் தப்பே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. சந்திரமதி மேடத்தை நான் மன்னிக்காததற்கு அது ஒன்று போதும்.

ஆட்டம் முடிந்து பாப்பு இதழ் பிய்ந்த தலையோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. எப்போதும் போல, "நான் ஆடுனனாம்மா?" என்று கேட்கப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"எங்க தப்புப் பண்ணுனேன், சொல்லு பாப்போம்."

"சூரியன் அந்தப் பக்கம் போச்சு. நீ என்னையப் பாத்துட்டு நின்னுட்டே. பக்கத்துல இருந்தவ இடிச்சா."

பாப்பு சிரித்தாள். எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை! இடுப்பில் இடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுப்பா."

அவர் அவளை வாரித் தூக்கிக்கொண்டார். கண்ணெல்லாம் பாசம். "தப்பா? என்ற தங்கம் ஒரு தப்புகூடப் பண்ணலையே!"

பாப்பு சிரிப்பதை நிறுத்தினாள். அவர் காது மடலை மடக்கி, பின்னால் எட்டிப் பார்த்தாள்.